கவிழ்த்து வைத்த பெட்டி

ஒத்திகைக் கூடத்தின் உயரமான ஜன்னல் வழியே சாயங்கால வெயில் சரிந்து, சுவரில் பாதி கிழிந்து தொங்கும் போஸ்டரின் மேல் விழுகிறது. பெயர்போன நான்கு ராக் குழுக்களிலிருந்து ஆளுக்கொருவராக வந்து சேர்ந்த நால்வரும் அதில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். முதல் ஆல்பம் வந்தபோது ஊரே அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இரண்டாவதைப் பாதியிலேயே விட்டு, இன்று மதியம் எல்லாவற்றையும் ஊற்றி மூடியாகிவிட்டது. பாடகரும் கிதார்காரரும் பேஸ்காரரும் முகம் கொடுத்துப் பேசாமல் கிளம்பிவிட்டார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் தன் பித்தளைத் தட்டுகளைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தட்டும் கழலும்போது மெல்ல முனகுகிறது. கூடத்தின் ஒலிப்பதிவாளர் தரையில் குந்தி, வாசிக்கும்போது நால்வரும் ஆளுக்கொன்றாக ஹெட்போனைச் செருகிக் கேட்ட சின்னப் பெட்டிகளை எடுத்து அடுக்குகிறார். ஒவ்வொரு பெட்டியிலும் ஆளுக்கொன்றாக நான்கு குமிழ்கள். யாருடைய சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது அவரவர் இஷ்டம்.

“இங்க பாருங்கண்ணா, பாடகரோட பெட்டி. அவர் குரலை மட்டும் உச்சத்துல வெச்சிருக்கார். மத்த மூணும் சுத்தமா மூடிக் கிடக்கு. கிதார்காரர் பெட்டியும் இதே கதைதான். பேஸ்காரரும் சளைச்சவர் இல்ல.”

“தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, ஒருத்தரை ஒருத்தர் காது குடுத்துக் கேளுங்கடான்னு! இவனுங்களுக்குத் தாளம் போட்டதுக்கு இந்தச் சுவத்துக்குப் போட்டிருக்கலாம்” என்று டிரம்ஸ்காரர் கசப்பாகச் சிரிக்கிறார்.

நான்காவது, டிரம்ஸ்காரரின் பெட்டி, அவர் காலடியிலேயே கிடக்கிறது. ஒலிப்பதிவாளர் அதை எடுக்கிறார், பார்க்கிறார். குமிழ்கள் தெரியாதபடி கவிழ்த்து வைக்கிறார். டிரம்ஸ்காரர் கடைசித் தட்டைச் சத்தம் வராமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.