காணாக்கடி

"தலையைக் குனிஞ்சே இரு கண்ணு. முந்தானையைக் கொஞ்சம் முன்னால இழுத்து உட்டுக்க" என்று மகளின் காதில் சொன்னாள் அந்தோணிமேரி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆரோக்கியத்தின் கழுத்தில் முதல் தடிப்பு சிவப்பாக எழும்பியிருந்தது.

வெளியே மாப்பிள்ளை வீட்டார் ஜட்காவிலிருந்து இறங்கிப் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் அரைமணி நேரம் இந்தப் பாழாய்ப்போன தடிப்பு பொறுத்துக்கொள்ளக் கூடாதா? அது பாட்டுக்குக் கழுத்திலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து கண்ணிமைக்கும் ஏறிக்கொண்டே போனது.

நாலு வருஷமாக ஆரோக்கியத்துக்கு இந்தக் காணாக்கடி. வெயிலில் நடந்தால் வரும், மில்லில் பஞ்சுத் தூசி பட்டால் வரும், ஒன்றும் இல்லாமலும் வரும். ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்துவிட்டுக் காலையில் எழுந்து வேலைக்குப் போவாள். போகாமல் முடியுமா? அப்பா செத்த பிறகு அம்மாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் அவள் கொண்டுவந்தால்தான் அடுப்பு எரியும்.

அஸ்தம்பட்டி டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொன்னார். "மீன், கருவாடு வாயிலயே வைக்கக் கூடாது. வச்சா முகம் வீங்கும். தொண்டையும் வீங்கிட்டா அப்புறம் ஆளே மிஞ்சாது." அன்றோடு அந்த வீட்டில் கருவாட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள்.

எப்போதாவது வருகிற தடிப்பு, பெண் பார்க்க வரும் நாளில் மட்டும் தப்பாமல் வந்தது. முதல் மாப்பிள்ளை தட்டிப்போன வாரத்திலிருந்து அந்தோணிமேரி கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டாள். மகளுக்குக் குணமாகும்வரை வாங்குவதில்லை என்று நேர்ச்சையாம். இப்படியும் ஒரு நேர்ச்சை உண்டா என்று மற்றப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். பெற்றவளின் வேதனை அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

இன்று காலைப் பூசையிலும் அவள் வாங்கவில்லை. பூசை முடிந்து வெறும் வயிற்றோடு வந்த மகளை உட்காரவைத்து, சோற்றில் புளிச்சாறு ஊற்றிப் பிசைந்து தானே ஊட்டினாள். "சாப்பிட்டுரு சாமி, மயக்கம் வந்துரும்" என்றாள். பக்கத்து வீட்டுப் பூனை தட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. "இன்னிக்குன்னு பாத்து இதுக்கு என்ன கேடு" என்று அதை விரட்டினாள்.

ஆரோக்கியம் முதல் வாய் வாங்கியதும் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

ஓமலூரில் சைக்கிள் கடை வைத்திருந்த கிறிஸ்துராஜ்தான் மாப்பிள்ளை. போன மாதம் தேர்த் திருநாளில் அவனைப் பார்த்தபோதே ஆரோக்கியத்துக்குப் பிடித்துப்போயிற்று. மாமன் மிக்கேலிடம் வெட்கத்தை விட்டுச் சொல்லியும் இருந்தாள். இதுவரை வந்த எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் அவள் வாய் திறந்ததில்லை.

காப்பித் தட்டோடு அவள் வெளியே வந்தபோது ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. உதடு தடித்துத் தொங்கியது. மாப்பிள்ளையின் அம்மா சாலம்மாள் எடுக்கப்போன டம்ளரை அப்படியே விட்டுவிட்டாள்.

"இதென்னங்க மொகம் இப்படி இருக்குது?"

"பயத்துல வாரதுங்க அது" என்றார் மிக்கேல். "ஒரு மணி நேரத்துல இருந்த எடம் தெரியாமப் போயிருமுங்க. ஒட்டுற நோவு இல்லீங்க."

"தப்பா நெனைக்காதீங்க. நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் வந்துருச்சுன்னா நாங்க என்ன பண்றதுங்க?"

"அம்மா, இதுல என்னம்மா இருக்குது? எனக்கு ஒண்ணும்..." என்று கிறிஸ்துராஜ் ஆரம்பித்தான்.

"நீ எந்திரி" என்றாள் சாலம்மாள்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டவன் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்தது ஆரோக்கியத்துக்கு மூடாத கண்ணில் தெரிந்தது. ஜட்கா தெருமுனை திரும்பும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

மிக்கேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இது நாலாவது எடம் அக்கா. இனி நான் யார் ஊட்டு வாசல்ல போய் நிக்கறது? அந்தப் பையனாட்டம் ஒருத்தன் கெடைக்கோணுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்தோணிமேரி கதவைச் சாத்தினாள். பரணிலிருந்த முரட்டுக் கம்பளியை எடுத்துவந்து, மகளின் முதுகிலும் கையிலும் அரிப்பு அடங்கும்படி தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்கு அழுகை அடங்கவில்லை.

"எல்லாம் என் பாவம் கண்ணு. நான் பண்ணுன பாவந்தான்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எந்தத் தாயும் சொல்கிற சொல்தான்.

ஆரோக்கியம் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூச்சு அவளுக்கு இழுத்து இழுத்து வந்தது. வீங்கிய விரலால் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத. நான் உங்களையெல்லாம் உட்டுட்டு எங்கயும் போகலை" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த தடவை கருவாட்டுத் தூளைக் கொஞ்சம் கம்மியாப் போடும்மா, மூச்சு அடைக்குது."