பின்னாடி

“வீட்டுல எத்தனை பேர் பாப்பீங்க சார்?” என்று கேட்டார் கடைக்காரர்.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் மகன் சொன்னான்: “பெரும்பாலும் அப்பாதான்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னான். சிகிச்சை என் தலைமுடியை மட்டும்தான் கொண்டுபோயிருந்தது. காது நன்றாகவே கேட்டது.

கடையின் நடுவில் இரண்டு டிவிகள் அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வழக்கமான தட்டைத் திரை. மற்றது அந்த வருடம்தான் வந்திருந்த வளைந்த திரை. இரண்டிலும் ஒரே குதிரைக் கூட்டம். நான் தலையில் துணி கட்டிக்கொண்டு, பில் போடும் மேசையிலிருந்து இரவல் வாங்கிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“ஒருத்தர் பாக்கறதுன்னா வளைஞ்சதுதான் சார். நேர் நடுவுல உட்காந்தா படம் அப்படியே உங்களச் சுத்தி வர்ற மாதிரி இருக்கும். ஆள் அதிகம்னா தட்டை எடுங்க, ஓரத்துல இருக்கறவங்களுக்கும் ஒழுங்கா தெரியும்.”

“அப்ப வளைஞ்சதே எடுத்துக்கலாம்ப்பா,” என்றான் மகன். “பின்னாடி உங்களுக்கு வசதியா இருக்கும்.”

பின்னாடி.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இனி மருந்து பெரிதாகக் கேட்காது என்று சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் புழங்கிய சொல் அது. பின்னாடி சமையலுக்கு ஆள் வைக்கலாம். பின்னாடி அப்பாவை எங்களோடு கூட்டிக்கொள்ளலாம் என்பான் மகன். எதற்குப் பின்னாடி என்று யாரும் சொல்வதில்லை. நானும் அதற்கு உடந்தையாகத்தான் இருந்தேன். சமையலறை டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன், அவர் தேடித் திண்டாடக்கூடாது என்று.

என் கணவர் மகனைப் பார்த்தார். பிறகு மெனக்கெட்டு அந்த வளைந்த டிவிக்குப் பின்பக்கம் போய், குனிந்து, எட்டிப் பார்த்தார்.

“பின்னாடி ஒயர்தான்டா இருக்கு. வேற ஒண்ணையும் காணோம்.”

கடைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ரிமோட்டைத் துடைத்தார்.

“அப்பா, விளையாடாதீங்க.”

“யாரு விளையாடறா? மலைப்பாதையில லாரி ஓட்டியே ஆயுசுக்கும் வேண்டிய வளைவப் பாத்தாச்சு. வீட்டுலயாவது நேரா பாத்துட்டுப் போறேன்.” கடைக்காரர் பக்கம் திரும்பினார். “தம்பி, கணக்கத் திருத்திக்குங்க. எங்க வீட்டுல ரெண்டு பேர்.”

மகனின் காது மடல் சிவந்துபோனது. நல்ல பிள்ளை. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிப் படியில் என்னைத் தூக்கி ஏற்றி இறக்கியவன் அவன்தான்.

என் கணவர் வந்து, நாற்காலியை என்னோடு சேர்த்து வளைந்த திரையின் பக்கவாட்டுக்குத் தள்ளினார். எங்கள் சோபாவில் அவர் நடுவில் காலைப் பரப்பிக்கொண்டு உட்காருவார். என் இடம் ஓரம். குமட்டிக்கொண்டு வந்தால் குளியலறைக்கு ஓட அதுதான் கிட்டே.

அந்த ஓரத்திலிருந்து பார்த்தால் குதிரைகள் நசுங்கி, குட்டையாகி, ஏதோ கோபத்தில் ஓடின.

“தெரியுதா?”

“குதிரைன்னு நீங்க சொன்னா நம்பறேன்.”

“அப்ப எது வேணும்? சொல்லு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் எதையாவது யாராவது கேட்டு நாளாகியிருந்தது. கேட்டாலும், துணியோ சாப்பாடோ டாக்டரோ, உங்களுக்கு எது சரின்னு படுதோ என்பதுதான் என் பதில். அன்றும் அதுதான் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

“தட்டை,” என்றேன். “எனக்கு ஓரத்துலேருந்து தெரியணும்.”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அடுத்த வரிசையில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

டிவி வந்தது. அவரே சுவரில் துளை போட்டு மாட்டினார். கொஞ்சம் சாய்வாகத்தான் மாட்டினார். ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு மருந்து, டாக்டரே எதிர்பாராதபடி, கேட்டது.

மறு வருடம் என் முடி சீப்பில் சிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒரு நாள் காலை, பால் வாங்கி வருகிறேன் என்று செருப்பு மாட்டக் குனிந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று மகன் டிவியைப் போட்டான். என் தோளைப் பிடித்து சோபாவுக்கு அழைத்துவந்தான்.

“இனிமே நீ நடுவுல உட்காரும்மா.”

நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். முகம் துடைத்துக்கொண்டிருந்த துண்டை விரித்து நடுவில் போட்டேன்.

“அங்க ஆள் இருக்குடா,” என்றேன்.