கீழ்வீட்டுத் தட்டல்

“இன்ஜினில் தீ! மணியை நிறுத்து! விசையைக் குறை!”

டொக்! டொக்! டொக்!

தரைக்கு அடியிலிருந்து வந்த சத்தத்தில் குருவி வாயை மூடிக்கொண்டாள்.

“வந்துட்டாருடி உன் ரசிகர்,” என்றாள் சமையலறையிலிருந்து அக்கா.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரர் தனியாக இருந்தார். காலை ஆறு மணிக்கே அவர் மெஷின் ஓடத் தொடங்கிவிடும். குருவி தீயைப் பற்றிப் பேசினால் போதும், மெஷின் நிற்கும். முக்காலி மேல் ஏறி, துணி அளக்கும் மரக்கோலால் மேல்தளத்தை இடிப்பார்.

குருவிக்கு ஒரு சின்ன விமானக் கம்பெனியில் துணை விமானி வேலை கிடைத்திருந்தது. பக்கத்து ஊர்களுக்கு ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போய்வரும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின் உள்ள விமானம். திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். போனதுமே ஒரு பரீட்சை. இன்ஜினில் தீ, விமானத்துக்குள் மூச்சுத் திணறல் என்று ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கம்பெனி ஓர் அட்டை அனுப்பியிருந்தது. அதை வரிசை மாறாமல், சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு வரி விட்டுப்போனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அதனால்தான் அலமாரிக் கதவில் விமானி அறைப் படங்களை ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, கையில் கரண்டியை விசைக்கோலாகப் பிடித்துக்கொண்டு இந்தக் கூத்து.

“மெதுவாத்தான் சொல்லேன்,” என்றாள் அக்கா.

“மெதுவா சொன்னா மனசுல நிக்காதுக்கா. வாயும் கையும் சேர்ந்து போகணும்.”

“எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சா?”

“தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன். அட்டையைப் பெட்டிக்குள்ள வெச்சே நாலு நாளாச்சு!”

“பத்து நாளா சும்மா இருந்த மனுஷன், இந்த நாலு நாளாத்தான் தட்டறாரு. என்ன கோபமோ!”

“மூச்சுத் திணறலுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாருக்கா. தீக்கு மட்டும்தான் தட்டறாரு.”

“காலங்காத்தால தீ, தீன்னு கத்தினா யாருக்குத்தான் எரிச்சல் வராது? முந்தாநாள் மேலயே வந்துட்டாரு, தெரியுமா? ‘உங்க தங்கச்சி’ன்னு ஆரம்பிச்சாரு. ‘பொண்ணு படிக்குது, கொஞ்சம் பொறுத்துக்கங்க’ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன்.”

“சூப்பர்க்கா!”

ஞாயிற்றுக்கிழமை. கடைசி ஒத்திகை. குருவி ஜன்னலைச் சாத்தினாள். கதவுக்கு அடியில் துணியைச் செருகினாள். குரலைப் பாதியாகக் குறைத்தாள்.

“இன்ஜினில் தீ. மணியை நிறுத்து. விசையைக் குறை...”

டொக்! டொக்! டொக்! டொக்!

“இவருக்கு இருக்கறது காதா, இல்ல ரேடாரா?”

கரண்டியும் கையுமாக மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள் குருவி. “பார்த்துப் பேசுடி!” என்று மேலிருந்து அக்கா கத்தியது அவள் காதில் ஏறவில்லை.

தட்டுவதற்குள் கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடா, கையில் மரக்கோல், மூக்கு நுனியில் கண்ணாடியோடு தையல்காரர் நின்றார்.

“என்ன மாஸ்டர் இது? நாளைக்கு எனக்குப் பரீட்சை. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா? ஒருத்தி முன்னுக்கு வர்றது உங்களுக்குப் பொறுக்கலையா?”

“அப்பாடா, வந்தியா!” என்றார் அவர். “எங்கே, சொல்லு.”

“என்னத்தைச் சொல்றது?”

“அதான், தீப்பிடிக்குமே, அது. முதல்லேருந்து சொல்லு.”

கிண்டல் செய்கிறாரா? செய்யட்டும். குருவி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

“இன்ஜினில் தீ! மணியை நிறுத்து! விசையைக் குறை...”

டொக்! மரக்கோல் கதவில் விழுந்தது.

“இங்கதான்! இங்கதான்மா!” தையல்காரர் குதிக்காத குறை. “அட்டையைப் பார்த்துப் படிச்ச வரைக்கும் மணியிலேருந்து ஆறு வரி. நாலு நாளா அஞ்சுதான் வருது. ரெண்டாவது வரி எங்க போச்சு?”

“ரெண்டாவதா?”

“‘எந்தப் பக்கத்து இன்ஜின்? இரண்டு பேரும் பார்த்து உறுதி செய்.’ அளவை ஒரு தடவை வாயால சொன்னா எழுதிக்காமலே தைக்கிறவன் நான். எனக்கா மறக்கும்?”

குருவியின் கண்முன் அட்டை வந்து நின்றது. மணி. அதற்குக் கீழே... ஆமாம். அந்த வரி இருந்தது. கைக்கு வேலை இல்லாத ஒரே வரி. கரண்டியை ஆட்டுகிற அவசரத்தில் அது நழுவியிருந்தது. நாளைக்கும் நழுவியிருக்கும்.

தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் சத்தம் போடறேன்னு தட்டறீங்கன்னுல்ல நெனச்சேன், மாஸ்டர்!”

“சத்தமா? என் மெஷின் போடாத சத்தமா?” தையல்காரர் சிரித்தார். “எரியற இன்ஜின் எதுன்னு கேக்காமலே தினமும் காலைல நீ பாட்டுக்கு ஒண்ணை அணைச்சிட்டிருந்தா, கீழ இருக்கறவன் தட்டாம என்னம்மா செய்வான்?”