கதவுக்கேற்ற இதயம்

எங்கள் அடுக்ககத்தின் கணினி நிரல்கள் அனைத்தும் இனி ஒரே நிரல்மொழியில்தான் எழுதப்பட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானித்தது. அதன்படி வந்த புதிய வாசற்கதவு, ஒவ்வொருவர் உடலிலும் பொருத்தப்பட்டுள்ள கருவியோடு பேசி, ஆளை அறிந்த பின்னரே திறக்கும். என் மனைவி மங்கையர்க்கரசியின் நெஞ்சில் பல்லாண்டுகளாகப் பழுதின்றி இயங்கிவரும் இதயக்கருவியின் நிரலோ வேறொரு மொழியில் எழுதப்பட்டது. ஆகவே, காய்கறிப் பையுடன் அவள் வெயிலில் நிற்க நேர்ந்தது.

வாசலிலேயே சங்கச் செயலாளர் தணிகாசலத்திடம் முறையிட்டேன்.

"அம்மாவோட கருவிய மாத்திரலாங்க சார். சின்ன ஆபரேஷன்தானுங்க. செலவு சங்கத்தோடது."

"கதவோட நிரல்ல இவளுக்காக நாலு வரி சேர்க்க எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி நேரந்தானுங்க. ஆனா கட்டடத்துல ரெண்டு மொழி ஆயிடுமே! நாளைக்கு ரிப்பேர்னா ரெண்டு ஆளத் தேடணுமுங்க."

அரை மணி நேர வேலைக்குச் சோம்பி, ஒரு பெண்ணின் நெஞ்சை அறுக்கத் துணிகிறார்கள். அதற்குச் சீர்மை என்று பெயரும் சூட்டுகிறார்கள்!

அப்போது யாருக்காகவோ கதவு திறந்தது. மங்கையர்க்கரசி காவலாளியின் நாற்காலியை இழுத்து, நிலைவாசலின் நடுவே போட்டு அமர்ந்தாள். மூட வந்த கதவு அவள்மீது இடிக்காமல் பின்வாங்கியது.

"அம்மா, நீங்க இங்க உக்காந்தா கதவு மூடாதுங்களே!" என்று செயலாளர் பதறினார்.

"ஆபரேஷனக் கதவுக்குப் பண்ணுங்க, தம்பி. முடிஞ்சதும் சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."