பேனா மேல் ஏறிய கிருமி

ஒரு நோயாளியின் பெட் மேல் நர்சம்மா வைத்திருந்த பேனாவில் ஒரு கிருமி ஏறிக்கொண்டு குதியாய்க் குதித்தது.

"எந்த மருந்துக்கும் சாகாதவன்டா நான்! இந்த பெட்காரருக்குப் போட்ட ஊசியெல்லாம் எனக்கு வெறும் தண்ணி!"

"இறங்குடா! அடுத்த பெட்ல இப்பதான் ஆபரேஷன் முடிஞ்ச பொண்ணு படுத்திருக்கு," என்று பேனா கெஞ்சியது.

"அங்கதான் போறேன்! அவங்க கையைத்தான் கழுவுவாங்க. உன்னை யாரு கழுவுறா?"

பேனாவுக்கு மை உறைந்தது. இதுவரை யாரும் அதைத் துடைத்ததே இல்லை.

நர்சம்மா கை கழுவினார். பேனாவை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனவர் சட்டென்று நின்றார்.

"ஐயோ, அந்த பெட்ல வச்ச பேனாவாச்சே இது!"

ஸ்பிரிட் பஞ்சால் பேனாவை அழுத்தித் துடைத்தார். கையையும் மறுபடி கழுவினார்.

"டேய், இருக்கியா?" என்றது பேனா.

பதிலே இல்லை.

"அட, ஒரு பஞ்சுக்கே செத்துட்டியா!" என்று பேனா துள்ளியது.