வீட்டுக்கு ஒரு பெட்டி

கடை இன்னும் திறக்கவில்லை. வரிசையில் வெர்லின் எனக்கு முன்னால் நின்றார். எங்களுக்கு நடுவே பக்கத்து வீட்டு லாயிட் மட்டும்.

எங்கள் ஏற்பாட்டின்படி என் கணவர் வெர்லினுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது.

வீட்டுக்கு ஒரு பெட்டி தோட்டாதான் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மொன்டானா மாநிலம் முழுக்கக் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியாகிப்போன வருடத்தில் வந்த கட்டுப்பாடு அது. வெர்லினுக்கோ இரண்டு பெட்டி வேண்டும். அதனால் சரக்கு லாரி வரும் வெள்ளிக்கிழமைகளில் என்னைத் தபால் நிலைய மூலையில் இறக்கிவிடுவார். தனித்தனியாக வந்து நிற்போம், தனித்தனியாக வாங்குவோம். பிறகு அவர் தெருவைச் சுற்றி வந்து அதே மூலையில் என்னை ஏற்றிக்கொள்வார்.

பேரப்பிள்ளைகள் எடுத்த வயதில், வீட்டுக்குத் தெரியாமல் சந்திக்கும் காதலர்களைப் போல.

அந்தச் சின்ன ஊரில் இது யாருக்குத்தான் தெரியாது? லாயிடின் மனைவியே வரிசையின் கடைசியில், அவரை முன்பின் பார்த்திராதவள் போல நின்றுகொண்டிருப்பாள்.

யாரையும் சுடுவதற்காக வெர்லின் சேர்க்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் பனி சரிந்து மலைச்சாலை மூடிப்போய், கடைக்குச் சரக்கே வராமல், மான்கறியை வைத்துத்தான் எங்கள் தெரு வசந்தம் வரை தாக்குப்பிடித்தது. அதை அவர் மறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இருவரும் நிலவறைக்கு இறங்குவோம். ராணுவத்தில் கழித்துக்கட்டிய இரும்புப் பெட்டிகள். மூடியின் ரப்பரை விரலால் தடவிப் பார்ப்பார். தேதி எழுதிய நாடாவை ஒட்டுவார். பழையது முன்னே, புதியது பின்னே. செருப்புப் பெட்டிகளிலும் மருந்துக் குப்பிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நான் சேர்த்து வைத்திருப்பேன். பெட்டிக்கு ஒன்றாகப் போடுவது என் வேலை. மற்றவர்கள் மாலையில் நடக்கப் போவார்கள். எங்களுக்கு அது.

அவர் போன பிறகு பெட்டிகளை மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சிமெண்டுத் தரையில் சதுரம் சதுரமாக அவற்றின் தடம் இருக்கிறது. நான் அங்கே கழுவுவதில்லை.

அந்த வரிசை நாளுக்குச் சில நாள் முன்னால் ஒரு பெட்டியைத் திறந்தபோது, சிவப்புத் தோட்டாக்களுக்கு நடுவே மஞ்சள் தோட்டாக்கள் கலந்து கிடந்தன.

மஞ்சள் மெலிது. சிவப்புக்கான துப்பாக்கியில் அதைப் போட்டால் குழலுக்குள் நழுவிப்போய்ச் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். இரண்டும் ஒரே மேசைமேல் இருந்தாலே மகனைத் திட்டித் தீர்த்த மனிதர் வெர்லின்.

அவர் கைதான் அதைக் கலந்திருந்தது. நிலவறைக்கு வேறு யாரும் வருவதில்லை.

சில மாதங்களாகவே அவருக்குப் பெயர்கள் தடுமாறின. அடுப்பை அணைக்க மறந்தார். வயதானால் அப்படித்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மஞ்சளைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. மிசூலா நகரத்தில் நரம்பு மருத்துவரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன். வெர்லினிடம் சொல்லவில்லை.

இன்று இந்த வரிசையில் அவர் பழைய வெர்லினாக இருந்துவிட்டால் போதும், அதை ரத்து செய்துவிடுவேன். மனதுக்குள் அப்படி ஒரு பேரம் பேசிக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பினார். லாயிடின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்களும் தோட்டாவுக்கா? இந்தக் குளிர்ல உங்கள அனுப்பிட்டு வீட்டுக்காரரு போர்வைக்குள்ள தூங்குறாராக்கும்?"

"அவரு ஒரு சோம்பேறிங்க. கட்டிக்கிட்டேன், என்ன பண்றது."

லாயிட் இருமுவது போல மேல்கோட்டுக் காலருக்குள் சிரித்தார். வெர்லின் வாய்விட்டே சிரித்துவிட்டு, பாவம் நீங்கள் என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் கண்ணடித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். அன்று கண்ணடிக்கவில்லை. இத்தனை நாளில் இவ்வளவு பிரமாதமாக அவர் நடித்ததே இல்லை.

கடை திறந்தது. கல்லாவில் இருந்த கானி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டிலிருந்து வேறு யாராவது வரிசையில் உண்டா என்று எப்போதும்போலக் கேட்டாள். அவர் வரிசையை ஒருமுறை நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்றார்.

கானி சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மான் துப்பாக்கிக்கானதைச் சரியாகக் கேட்டார். பெட்டியின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துச் சரிபார்த்தார். சில்லறையை எண்ணிப் பையில் போட்டார். ஒரு தடுமாற்றமும் இல்லை.

என் பெட்டியை வாங்கிக்கொண்டு மூலைக்கு நடந்தபோது எனக்குப் பாடவேண்டும்போல இருந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்தது ஏதோ அசதியில் நடந்தது. போனதும் மிசூலாவுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வண்டி தெருவைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஏம்மா, ஒரு உதவி. எம் பொண்டாட்டிய இந்த மூலையிலதான் நிக்கச் சொல்லியிருந்தேன். ஆளக் காணோம். ரொம்ப நேரம் நின்னா அவளுக்கு முட்டி வலிக்கும். நீங்க எங்கயாவது பாத்தீங்களா?"

அவர் கண்ணில் கவலை இருந்தது. விளையாட்டு இல்லை.

உங்கள் மனைவி வந்துவிடுவார் என்று சொன்னேன். அதுவரை வண்டிக்குள் உட்காரட்டுமா என்று கேட்டேன்.

அவர் இறங்கிச் சுற்றி வந்து, எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஹீட்டரைக் கூட்டி வைத்தார்.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, நாங்கள் அவளுக்காகக் காத்திருந்தோம்.