மூன்றாவது சீல்

முன்னறைக்குள் சாய்ந்து விழும் மாலை வெயிலில், செயினும் பல்சக்கரமும் கழற்றிய பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார் அவர். இன்ஜின் ஆயில் வெளியே கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையம், அதுதான் ஆயில் சீல், அவர் உள்ளங்கைக்குள் பொதிந்திருக்கிறது. அவசரத்தில் இரண்டைக் கிழித்தாயிற்று. இந்த அளவில் எந்தக் கடையிலும் இப்போது கிடைப்பதில்லை; இது ஒன்றுதான் மிச்சம். இதுவும் போனால் வண்டியை எடைக்குப் போட்டுவிடுவேன் என்று காலையில் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிரசவ வார்டு நர்ஸான மனைவி, வேலை முடிந்து வந்த உடுப்போடேயே அருகில் வந்து குந்துகிறாள். “இப்படிக் குடுங்க. நேரா அமுக்கினா கிழியத்தான் செய்யும். பச்சக் குழந்தைக்குச் சட்டை மாட்டியிருக்கீங்களா?” “நீ எங்க என்னை மாட்ட விட்ட?” “பேச்சுல மட்டும் குறைச்சல் இல்ல.” வளையத்தின் உள்விளிம்பில் ஆயிலைத் தடவுகிறாள். பல்சக்கரம் மாட்டும் இன்ஜின் தண்டின் கூர்விளிம்புள்ள நுனியில் ஒரு பக்கத்தை நுழைத்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை மெல்லத் திருகித் திருகி இறக்குகிறாள். பார்க்கத் தைரியமில்லாமல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். வார்டு வாசலில் காத்திருக்கும் கணவன்மாரிடம் அவள் தினமும் பார்க்கிற அதே முதுகு.

“என்னாச்சு?”

அவள் விரலால் சுற்றிலும் தடவிப் பார்க்கிறாள். எங்கும் பிசிறில்லை.

“தாயும் சேயும் நலம். வந்து பாருங்க.”

திரும்பியவர் வண்டியைப் பார்க்கவில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, ஆயில் படிந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார்.